அயுத்தயாவுக்கு அரை நாள் போதுமா?

ஜனவரியில் அப்பா அம்மாவுடன் முதல் முறையாகத் தாய்லாந்து போகிறீர்கள். ஐந்து நாள் பயணம். தங்குவதெல்லாம் பாங்காக்கில். கடைசி நாளில் பாதியை அயுத்தயாவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அது போதுமா, எந்தக் கோயில்களைப் பார்ப்பது, அப்பாவின் முழங்கால் வலியையும் முட்டைகூடச் சாப்பிடாத அம்மாவின் சாப்பாட்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை, இவ்வளவும் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: அயுத்தயாவைக் கடைசியில் வைக்காதீர்கள், முதலில் வையுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாங்காக்குக்குள் நுழைந்தால் பாங்காக்கே வேறாகத் தெரியும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் போனேன். காலை பத்தரைக்கு இறக்கிவிட்டு மாலை மூன்றரைக்கு மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். நடுவில் ஏழு கோயில்கள். எல்லாம் செங்கல், எல்லாம் இடிந்தது, எங்கும் உச்சி வெயில். அன்றிரவு அறையில் உட்கார்ந்து படங்களைப் புரட்டியபோது எது எந்தக் கோயில் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தூரம் போயும் ஊரைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம் பல நாள் இருந்தது. பிறகு இரண்டு முறை போய், தங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்று முடிவுசெய்து பார்த்தபோதுதான் அந்த ஊர் மனத்தில் இறங்கியது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சாவோ பிரயா, லொப்புரி, பா சக் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவு நகரம் அது. முதலாம் ராமாதிபதி என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஊ தோங் அரசர் 1350-ல் அதைத் தலைநகராக்கினார். 1767 ஏப்ரலில், ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டிருந்த பர்மியப் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்து நகரத்தை எரித்தது. இடைப்பட்ட 417 ஆண்டுகளும் சியாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) தலைநகர் அதுதான். 1511-ல் போர்த்துகீசியர் வந்தார்கள். அதன் பின் ஜப்பானியர், டச்சுக்காரர், பாரசீகர், பிரெஞ்சுக்காரர் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஆற்றோரமாகத் தனித்தனிக் குடியிருப்புகள் இருந்தன. நம் சோழமண்டலக் கரையில், சியாம் அரசவை கேட்ட வடிவங்களையே வரைந்து சாயமேற்றிய துணிகள் கப்பலேறி அங்கே போயின. நகரம் எரிந்த பிறகு தக்சின் அரசர் தெற்கே தொன்புரியில் தலைநகர் அமைத்தார். 1782-ல் முதலாம் ராமா எதிர்க்கரையில் பாங்காக்கைத் தொடங்கினார். அந்தப் புது நகரத்தின் மதிலுக்கு அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கல்லைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடிந்த நகரம் இன்னும் இடிந்தது அப்படித்தான்.

கருங்கல் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் செங்கல் மேடுகள் முதல் பார்வையில் ஏமாற்றம் தரும். ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் இன்று பார்ப்பது எலும்புக்கூடு. அந்தச் செங்கல்லின் மேல் வெண்சுதை பூசி, உருவங்கள் வடித்து, பல இடங்களில் பொன்முலாமும் இட்டிருந்தார்கள். நெருங்கிப் போய்ப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலையில், ஒரு தாமரை இதழோ ஓர் இலைச் சுருளோ சுதையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டுங்கள். நம் ஊர்க் கோபுரத்துச் சுதைவேலையைப் பார்த்த கண்ணுக்கு அதன் அருமை உடனே தெரியும்.

எல்லாம் ஒன்றுபோல் தெரியாமலிருக்க இரண்டு வடிவங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும். சோளக்கதிரை நட்டு வைத்தாற்போல், தோள் பருத்து உச்சி மழுங்கி உயர்வது பிராங். அது கம்போடியாவிலுள்ள அங்கோரின் கெமர் கோபுரங்களிலிருந்து வந்தது. கோயில் மணியைத் தரையில் நிறுத்தி அதன் மேல் நீண்ட கூம்பைச் செருகினாற்போல் இருப்பது சேதி. அது இலங்கையின் தாதுகோபத்தின், அதாவது புத்தரின் உடல் எச்சங்களை வைத்துக் கட்டும் தூபியின், வழியில் வந்தது. அயுத்தயாவின் முதல் நூறாண்டுக் கோயில்களில் நடுநாயகமாகப் பிராங் நிற்கும். அதன் பிறகு சேதியின் காலம். 1630-ல் பிரசாத் தோங் என்ற அரசர் மறுபடி பிராங்குக்குத் திரும்பினார். இவ்வளவு தெரிந்தாலே, தூரத்தில் ஓர் உச்சி தென்பட்டதும் ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று அப்பாவே சொல்லத் தொடங்கிவிடுவார்.

பெயர்களுக்கும் பயப்படவேண்டாம். தாய்லாந்து மொழி வடசொற்களைத் தன் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. 'மஹாதாட்' என்றால் மகாதாது, புத்தரின் தாது வைத்த இடம். 'மொங்கொன்' நம் மங்களம். 'சைவத்தனாராம்' என்பதைப் பிரித்தால் ஜய, வர்த்தன, ஆராமம். 'நகோன்' நகரம். ஊரின் பெயரே ராமனின் அயோத்திதான். 'வாட்' என்றால் கோயில். இப்படிப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழிகாட்டிப் பலகைகள் அந்நியமாகத் தெரியாது.

இனிப் பயணம். பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ரயிலில் போங்கள். சாதாரண வண்டிகளில் மூன்றாம் வகுப்புக்கு 20 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுதான் கட்டணம். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வயலும் வாய்க்காலும் பார்த்தபடி போகலாம். விரைவு வண்டிகள் பாங்சூவில் கட்டிய கிருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்தும், சாதாரண வண்டிகள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்தும் புறப்படும். எந்த வண்டி என்று பார்த்த பிறகே எந்த நிலையம் என்று முடிவுசெய்யுங்கள். உங்கள் விமானம் டான் மூவாங்கில் இறங்குவதாக இருந்தால் இன்னும் வசதி. விமான நிலையத்தை ஒட்டியே ரயில் பாதை போகிறது. பாங்காக்குக்குள் நுழையாமல் நேராக அயுத்தயாவுக்கே போய்விடலாம். அதை முதலில் வையுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயுத்தயா நிலையம் தீவுக்கு வெளியே, கிழக்குக் கரையில் இருக்கிறது. சாலையைக் கடந்து நேரே நடந்தால் சிறு படகுத்துறை வரும். சில பாட் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் அக்கரை. தனியாகப் போனால் அதுதான் அழகு. பெட்டியும் பெற்றோரும் இருப்பதால் நீங்கள் நிலையத்து வாசலிலேயே துக்துக், அதாவது அந்நாட்டு ஆட்டோ, பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் துக்துக்கின் முகப்பு தவளையின் தலைபோல் உருண்டிருக்கும். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள். மணிக்கு 200 முதல் 300 பாட் வரை என்னிடம் கேட்டார்கள். ஏறுவதற்கு முன்பே எத்தனை மணி நேரம், எத்தனை இடம், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். சைக்கிள் மலிவாகக் கிடைக்கும், ஊரும் தட்டையான ஊர்தான். ஆனாலும் முழங்கால் வலிக்கு அது வேண்டாம்.

பத்துப் பத்தரைக்கு இறங்கியதும் கோயிலுக்கு ஓடாதீர்கள். வெயில் ஏறும் அந்த நேரத்தை சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும். பெரும்பாலான ஒரு நாள் பயணிகள் தவறவிடுவது இதைத்தான். என் கணக்கில் ஊரிலேயே முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

காரணம் ஒரு புதையல். 1424-ல் அயுத்தயா அரசர் இறந்தபோது மூத்த பிள்ளைகள் இருவர் அரியணைக்காக யானை மேல் அமர்ந்து போரிட்டு இருவருமே மாண்டார்கள். மூன்றாம் பிள்ளையான சாவோ சாம் பிரயா அரசரானார். அண்ணன்மார் எரியூட்டப்பட்ட இடத்தில் அவர் எழுப்பியதுதான் வாட் ராட்சபூரண. அதன் பிராங்குக்குள், தரைக்கு அடியில், ஓர் அறை அமைத்துப் பொன்னை வைத்து அடைத்தார். 1767-ல் ஊரைச் சூறையாடியவர்களுக்கும் அது தெரியவில்லை. 1957-ல் சில திருடர்கள் இரவில் தோண்டி இறங்கி அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலர் பிடிபட்டார்கள். களவு போனதில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு தொல்லியல் அதிகாரிகள் முறையாகத் தோண்டியபோது மிஞ்சியிருந்ததே திகைக்க வைத்தது. அங்கே ஏராளமாகக் கிடைத்த சிறு புத்தர் வில்லைகளை நன்கொடை அளித்த மக்களுக்குக் கொடுத்து, அப்படித் திரட்டிய பணத்தைக் கொண்டு கட்டிய அருங்காட்சியகம் 1961-ல் திறக்கப்பட்டது.

மணிகள் இழைத்த உறையோடு அரச வாளும் அங்கே இருக்கிறது. நான் நெடுநேரம் நின்றது ஒரு யானையின் முன்னால். ஒரு சாணுக்கும் குறைவான பொன் யானை, மண்டியிட்டு உட்கார்ந்து, துதிக்கையை மேலே தூக்கியிருக்கிறது. முதுகில் அம்பாரி, உடம்பெங்கும் பதித்த மணிகள். எழுந்திருக்கப் போவதுபோல் கால்களில் ஓர் அழுத்தம். யானையோடு பழகிய ஒருவர்தான் அந்தக் காலை அப்படிச் செய்திருக்க முடியும்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். அம்மாவுக்காக ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஜே'. இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் சேராத சமையல் அது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையில் 'கின் ஜே' என்றால் புரிந்துகொள்வார்கள். 'மங்சவிரத்' என்றாலும் சைவம்தான், மாம்ச விரதி என்பதன் திரிபு அது. ஆனால் அதில் முட்டை வந்துவிடலாம். சாதாரணக் கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் ரசமான 'நாம் ப்ளா'வைப் பழக்கத்தில் ஊற்றிவிடுவார்கள். நம் ஊரில் உப்பு எப்படியோ அங்கே அது அப்படி. 'ஜே' என்பதில் உறுதியாக நில்லுங்கள். காலை உணவுக்குப் பழமும், ஒட்டரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சாதமும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் வெறும் சோறும் அமுதாகிவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அயுத்தயாவில் இரண்டு: சுட்ட ஆற்று இறால், படகு நூடுல்ஸ். இரண்டாவதன் குழம்பில் பெரும்பாலும் இரத்தம் சேர்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

சாப்பிட்டு, அறையில் படுத்து எழுந்து, மூன்று மணிக்குத் துக்துக்கில் கிளம்புங்கள். முதலில் வாட் பனன் செங். தலைநகர் உருவாவதற்கு 26 ஆண்டு முன்பே, 1324-ல் அமைந்தது. இது இடிபாடு இல்லை. இன்றும் மக்கள் வந்து கும்பிடுகிற கோயில். உள்ளே 19 மீட்டர் உயரத்தில் அமர்ந்த புத்தர், கூரையை முட்டுகிறாற்போல. 1767-ல் நகரம் விழும் முன் இந்தச் சிலையின் கண்களில் நீர் வழிந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். பக்தர்கள் வாங்கித் தருகிற காவித் துணியைச் சிலையின் மடியில் நிற்கும் பணியாளர்கள் கயிறு கட்டி இழுத்து ஏற்றி, புத்தரின் தோளில் போர்த்துகிறார்கள். மடித்த துணியின் ஒரு முனை மேலே போக, மறுமுனை கீழே உட்கார்ந்திருக்கும் மக்களின் தலைகளின் மேல் விழுந்து விரிகிறது. நான் போனபோது பக்கத்தில் இருந்த மூதாட்டி அந்தத் துணிக்கு அடியில் கைகூப்பியபடி அப்படியே இருந்தார். துணி முழுதாக மேலே ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். உங்கள் அம்மாவுக்கு ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து தீவின் தென்மேற்கே, ஆற்றின் அக்கரையிலிருக்கும் வாட் சைவத்தனாராமுக்கு நாலரைக்குள் போய்ச் சேருங்கள். பிரசாத் தோங் 1630-ல், தம் தாயின் வீடு இருந்த இடத்தில் எழுப்பியது. நடுவில் 35 மீட்டர் பிராங். அதன் மேடையில் நான்கு மூலைக்கும் நான்கு சிறு பிராங்குகள், சுற்றிலும் எட்டுக் கூர்மாடங்கள். முழுவதையும் மேருவின் வடிவமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாலை வெயில் சாயச் சாயச் செங்கல் முதலில் காவியாகி, பிறகு தணலாகிறது. 2018-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தைப் பிரபலமாக்கியதிலிருந்து, எதிரே உள்ள கடைகளில் பழங்காலப் பட்டாடையை வாடகைக்கு உடுத்திக்கொண்டு உள்ளூர் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தம் நாட்டுப் பழமையில் அவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே சுற்றுத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புத்தர்களுக்குத் தலை இல்லை. அப்பா நிச்சயம் கேட்பார். பர்மியப் படை வெட்டியது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான். சூறையாடலிலும் தீயிலும் அழிந்தவை உண்டு. அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, சிலைக்குள் பொன் இருக்கும் என்று உடைத்தவர்களும், தலையை மட்டும் அறுத்துக் கலைப்பொருள் வியாபாரிகளுக்கு விற்றவர்களும் செய்தது ஏராளம். கழுத்து முறிந்த இடத்தைக் கிட்டப் பாருங்கள். நடுவில் செங்கல், அதன் மேல் சுதை, எங்கோ ஓர் ஓரத்தில் அரக்கின் கறுப்பு. அந்தச் சிலைகளுக்குப் பின்னால் நின்று தம் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்நாட்டவருக்கு அது நெஞ்சில் அடித்தாற்போன்ற செயல். நீங்கள் செய்யமாட்டீர்கள், கூட வருகிறவர்கள் செய்தால் தடுத்துவிடுங்கள்.

மாலைப் படகுச் சவாரி ஒன்று உண்டு, தீவைச் சுற்றி இந்த ஆற்றோரக் கோயில்களில் நின்று நின்று போகும். அழகானதுதான். ஆனால் ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற துறைக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும், அதுவும் மூன்று முறை. அப்பாவை நினைத்துத்தான் துக்துக் என்கிறேன். இரவில் வாட் ராட்சபூரணவுக்கும் வாட் மஹாதாட்டுக்கும் விளக்கு ஏற்றுவார்கள். உள்ளே விடமாட்டார்கள். சாலையிலிருந்து, வண்டியை விட்டு இறங்காமலேயே பாருங்கள். இருட்டிய பிறகு தெருநாய்கள் அதிகம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கதவு திறந்ததும், வாட் மஹாதாட். இரவு தங்கச் சொன்னது இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். பாங்காக்கிலிருந்து வேன்கள் வந்து சேருவதற்குள் அந்த இடம் கிட்டத்தட்ட உங்களுடையது. 1374-ல் தொடங்கிய கோயில். அதன் பெரும் பிராங் பல முறை சரிந்து, கடைசியில் 1911-ல் விழுந்துபோனது. இளகிய ஆற்று மண்ணில் அடித்தளம் இறங்கியதால் சுற்றியுள்ள சேதிகள் சாய்ந்து நிற்கின்றன.

எல்லோரும் தேடி வருவது அரசமர வேர்களுக்கு நடுவே இருக்கும் புத்தரின் தலையை. மணற்கல். உடல் இல்லை. எப்படி அங்கே வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. வேர்கள் முகத்தைச் சுற்றி வளைந்து போயிருக்கின்றன, ஒன்றுகூட முகத்தின் குறுக்கே போகவில்லை. காலை ஒளி பக்கவாட்டில் விழும்போது ஒரு கன்னம் மட்டும் வெளுத்து, கண்ணிமை நிழலில் மூழ்கியிருக்கும். தலை தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கிறது. அருகே படம் எடுத்துக்கொள்பவரின் தலை அதைவிட உயரக் கூடாது என்பது விதி. காவலர் அங்கேயே இருப்பார், நின்றால் கையசைத்து உட்காரச் சொல்வார். அப்பாவால் மண்டியிட முடியாவிட்டால் கவலை வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

சாலையைக் கடந்தால் எதிரே வாட் ராட்சபூரண. முந்தின நாள் பார்த்த பொன் எங்கே இருந்ததோ அந்த அறைக்கு இறங்கலாம். படிகள் செங்குத்து, குறுகல், உள்ளே புழுக்கம். நீங்கள் மட்டும் இறங்குங்கள். அடியில் மங்கிப்போன ஓவியங்கள் இருக்கின்றன. திருடர்கள் விளக்கோடு இறங்கிய அந்த இரவை நினைத்துக்கொண்டு நான் சுவரைத் தொடாமல் நின்றேன். அப்பா அம்மா கீழே நிழலில் உட்கார்ந்து பிராங்கின் தோளில் இன்னும் மிஞ்சியிருக்கும் கருடன்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்; அந்த ஊரில் சுதை நன்றாகத் தப்பிய இடங்களில் இது ஒன்று.

அடுத்து வாட் பிரா சி சன்பேட். 'சன்பேட்' என்பது சர்வஜ்ஞர், எல்லாம் அறிந்தவர். அரண்மனை வளாகத்துக்குள் அரசருக்கென்றே இருந்த கோயில். பிக்குகள் யாரும் இங்கே தங்கியதில்லை. வரிசையாக நிற்கும் மூன்று சேதிகளும் ஓர் அரசருக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் உரியவை. இங்கே 1500-ல் வார்த்த 16 மீட்டர் உயர நின்ற புத்தர், மேலெல்லாம் பொன் போர்த்தி இருந்தது. 1767-ல் தீ மூட்டி அந்தப் பொன்னை உருக்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிலையின் கதை அங்கே முடியவில்லை, கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்திலேயே பிரா மொங்கொன் போபிட் மண்டபம், உள்ளே பெரிய வெண்கல புத்தர். கூரை எரிந்து வெட்டவெளியில் நெடுங்காலம் இருந்த சிலை. இப்போதைய மண்டபம் 1950-களில் திரும்பக் கட்டியது. அந்தத் திருப்பணிக்கு, அயுத்தயாவுக்கு வந்த பர்மியப் பிரதமர் ஊ நு நன்கொடை அளித்தார். எரித்தவர்களின் வழிவந்தவர் இருநூறு ஆண்டு கழித்து வந்து கூரை போடக் கொடுத்த பணம். இந்தச் செய்தியை அறிந்த பிறகு அந்த மண்டபத்தில் நான் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வளாகத்தை ஒட்டி யானைச் சவாரி நடக்கிறது. அம்பாரியில் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் நாள் முழுதும் நடக்கும் அந்த யானைகளைப் பார்க்கவே மனம் கனக்கிறது. ஏற வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நேரம் மிஞ்சினால் ஒன்றே ஒன்று. பட்டியலில் எல்லோரும் சேர்க்கும் வாட் யாய் சாய் மொங்கொன் பெரிய சேதியும் கிடந்த புத்தரும் கொண்ட நல்ல இடம்தான். ஆனால் நமக்கென்று ஒரு தனிக் காரணம் உள்ள கோயில் வேறு. தீவுக்கு மேற்கே வாட் தம்மாராம் என்ற சிறிய, அமைதியான கோயில். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பௌத்தத் துறவு மரபு அறுந்துபோயிருந்தது. முறையாகத் துறவு கொடுக்கத் தகுதியுள்ள பிக்குகள் அங்கே போதிய எண்ணிக்கையில் இல்லை. அப்போது கண்டியை ஆண்டவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழிவந்தவர். அவர் அயுத்தயாவுக்குத் தூது அனுப்பினார். அரசர் பொரோமகோட் பிக்குகளை டச்சுக் கப்பலில் அனுப்பி வைத்தார். அவர்களுக்குத் தலைவராகப் போன உபாலி தேரர் இருந்தது இந்த வாட் தம்மாராமில்தான். 1753-ல் அவர் கண்டியில் துறவு அளித்துத் தொடங்கி வைத்த மரபு இன்றும் 'சியாம் நிகாய' என்ற பெயரோடு இலங்கையில் வாழ்கிறது. உபாலி ஊர் திரும்பவில்லை, கண்டியிலேயே காலமானார். அவர் துறவு அளித்த பதினான்கு ஆண்டுகளில் அவர் புறப்பட்டு வந்த நகரம் எரிந்தது. கண்டியில் புத்தரின் பல் வைத்த தலதா மாளிகையைப் பார்த்தவர்கள் இந்தக் கோயிலின் வாசலில் ஒரு நிமிடம் நிற்காமல் போகக் கூடாது.

திரும்பும் வழியில் பொது மருத்துவமனைக்கு எதிரே ஊ தோங் சாலையில் நிறுத்தச் சொல்லுங்கள். வரிசையாக ரொட்டி சாய் மாய் கடைகள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் நடத்துபவை. கடைக்காரப் பெண் ஈரமாவை உருண்டையாகக் கையில் தொங்கவிட்டு, சூடான தோசைக்கல்லில் ஒரு முறை ஒற்றி எடுக்கிறார். கல்லில் மெல்லிய ஏடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஓரம் தூக்கியதும் அடுத்த கையால் உரித்துவிடுகிறார். ஒற்றுவதும் உரிப்பதுமாக இரண்டு மூன்று கற்களில் ஓயாமல் நடக்கும். பிறகு பட்டுநூல்போல் இழுத்த சர்க்கரை இழையை அதில் வைத்துச் சுருட்டிச் சாப்பிட வேண்டும். பச்சை ஏடு என்றால் தாழை இனத்து இலையின் மணம். அம்மா சாப்பிடலாமா என்று மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள்: தோளும் முழங்காலும் மூடிய ஆடை, எளிதில் கழற்றும் செருப்பு, குடை, தண்ணீர். ஜனவரிக் காலை இதமாக இருக்கும், பதினொன்றுக்கு மேல் வெயில் சுடும், நிழல் குறைவு. நான் போனபோது வெளிநாட்டவருக்கு இடிபாட்டுக் கோயில் ஒன்றுக்கு 50 பாட். ஆறு இடங்களுக்கு ஒரே டிக்கெட்டும் இருந்தது. இப்போதைய கட்டணத்தை முதல் கோயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 16 மீட்டர் புத்தரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பொன் போன பிறகு கருகிய வெண்கல உடல் அங்கேயே கிடந்தது. முதலாம் ராமா அதைப் பாங்காக்குக்கு எடுத்துவரச் செய்தார். சீர்செய்ய முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால், வாட் போவில் ஒரு சேதி எழுப்பி அதற்குள் வைத்து மூடிவிட்டார். பாங்காக்கில் வாட் போவுக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள், கிடந்த புத்தரைப் பார்க்க. பார்த்துவிட்டு வெளியே வந்ததும், ஓடு பதித்த நான்கு பெரிய சேதிகள் நிற்பதைக் காண்பீர்கள். அவற்றில் பச்சை ஓடு போட்டது எது என்று பார்த்து, அப்பா அம்மாவை அதன் முன்னால் அழைத்துப் போங்கள். முந்தின நாள் காலை நீங்கள் மூவரும் நின்ற மேடையில் இருந்தவர் அதற்குள்தான் இருக்கிறார்.